நிலக்காட்சிப் படங்களை இணையத்தில் பகிர்வோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலை, கடற்கரை, வயல், காடு ஆகியவற்றைப் படமெடுத்து இணையத்தில் பகிர்வோரும், அப்படிப் பகிர்வோரை ஒன்றுசேர்த்துக் குழு நடத்த விரும்புவோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. எந்தக் கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது என்பவை இதில் இடம்பெறவில்லை. அவற்றைச் சொல்ல ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள்.

எந்தத் தளத்தில் படங்களைப் பகிர்வது நல்லது?

எந்தத் தளமும் நிரந்தரமன்று என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 2004இல் தொடங்கப்பட்ட ஃபிளிக்கர் அடுத்த ஆண்டே யாஹூவின் கைக்குப் போனது. 2018இல் அதை ஸ்மக்மக் நிறுவனம் வாங்கியது, அதே ஆண்டில் இலவசக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என்ற வரம்பும் அறிவிக்கப்பட்டது. கனடாவில் தொடங்கி நிலக்காட்சிக் கலைஞர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த 500 பிஎக்ஸ் தளமும் 2018இல் சீன நிறுவனம் ஒன்றிடம் விற்கப்பட்டது. அந்த ஆண்டின் நடுவில் அது தன் விற்பனைப் பிரிவை மூடியதோடு, பிறரும் இலவசமாகப் பயன்படுத்த இடந்தரும் படைப்பாக்கப் பொது உரிமத்தில் (கிரியேட்டிவ் காமன்ஸ்) படங்களை வெளியிடும் வசதியையும் எடுத்துவிட்டது. இன்ஸ்டாகிராம் 2010இல் வந்தபோது சதுரப் படங்களை மட்டுமே ஏற்றது, 2015இல்தான் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது, பிற்பாடு காணொளியின் பக்கம் சாய்ந்துவிட்டது.

எனவே, படத்தின் மூலக்கோப்பும் அதைப் பற்றிய குறிப்புகளும் உங்கள் வன்தட்டில் இருக்கட்டும். தளத்தில் இருப்பது அதன் நகல் மட்டுமே. பெரிய அளவில் படத்தைக் காட்டவும், நிதானமாகப் பேசவும் ஃபிளிக்கர் போன்ற இடம் இன்னும் ஏற்றது. முன்பின் அறியாதவர்களின் கண்ணில் பட வேண்டுமானால் இன்ஸ்டாகிராம். பத்து இருபது பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ள வாட்ஸ்அப் குழுவோ டெலிகிராம் குழுவோ போதும். மூன்றையும் ஒரே நாளில் தொடங்கி மூன்றையும் கைவிடுவதைவிட, ஒன்றில் நிலைத்திருப்பது மேல்.

கைபேசியில் எடுத்த படங்களையும் பகிரலாமா?

தாராளமாகப் பகிரலாம். பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் கைபேசித் திரையில்தான் பார்க்கிறார்கள்.

ஒரு பயணத்தில் எடுத்த படங்களில் எத்தனையைப் பகிர்வது?

ஒரு காலைக்கு ஒரு படம் என்பது நல்ல அளவு. ஒரே சூரிய உதயத்தின் பதினைந்து சட்டகங்களை ஒன்றாகப் போட்டால், தேர்ந்தெடுக்கும் வேலையைப் பார்ப்பவரிடம் தள்ளிவிடுகிறோம் என்றுதான் பொருள். எடுத்த அன்றே பகிராமல் இரண்டு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், மலையேறிய களைப்பும் குளிரும் மறந்துபோய், படத்தில் உண்மையில் இருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

என் கணினியில் அழகாக இருக்கும் படம் இணையத்தில் வெளிறியும் மங்கியும் தெரிகிறதே, ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது நிறவெளி, அதாவது ஒரு கோப்பு எந்தெந்த நிறங்களைக் காட்டலாம் என்பதற்கான வரையறை. அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் சேமித்த படத்தின் நிறக்குறிப்பைச் சில தளங்களும் செயலிகளும் படிப்பதில்லை. அப்போது பச்சையும் சிவப்பும் உயிரிழந்து தெரியும். இணையத்துக்கு அனுப்பும் நகலை எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றிச் சேமித்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, அளவும் கூர்மையும். 6,000 பிக்சல் அகலமுள்ள கோப்பை அப்படியே ஏற்றினால், அதைச் சுருக்குவதும் அழுத்துவதும் தளத்தின் இயந்திரத்தின் விருப்பத்துக்கு விடப்படுகிறது. நீங்களே நீண்ட பக்கம் 2,048 பிக்சலுக்குச் சுருக்கி, சுருக்கிய பிறகு கொஞ்சம் கூர்மை சேர்த்து ஏற்றினால், புல்நுனியும் பாறையின் சொரசொரப்பும் தங்கும். இன்ஸ்டாகிராமுக்கு 1,080 பிக்சல் அகலம் என்பது நெடுநாளாக இருந்துவரும் கணக்கு. அந்தத் தளத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. கிடைமட்டமாக எடுத்த மலைத்தொடர் நிமிர்த்திப் பிடித்த கைபேசியில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடுவதால், பலரும் இப்போது நிலக்காட்சியையே செங்குத்தாக எடுக்கப் பழகிவிட்டார்கள். திரைக்கு ஏற்ப மலையை நிமிர்த்துவது எனக்கு உவப்பானதன்று. ஆனால் அருவிக்கும், சில்வர் ஓக் மரங்களுக்கும், வயல் நடுவே நிற்கும் பனைக்கும் அந்தச் சட்டகம் நன்றாகவே பொருந்துகிறது.

மூன்றாவது, திரையின் வெளிச்சம். இரவில் விளக்கணைத்த அறையில், வெளிச்சத்தைக் கூட்டிவைத்த திரையில் படத்தைச் செப்பனிட்டால் எல்லாம் போதிய ஒளியோடு இருப்பதாகத் தோன்றும். மறுநாள் வெயிலில் கைபேசியில் பார்ப்பவருக்கு அதே படம் கரியாகத் தெரியும். கண்ணை நம்பாமல், படத்தில் இருளும் ஒளியும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், ஏற்றும் முன்பு உங்கள் கைபேசியிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படத்தோடு என்ன எழுத வேண்டும்?

“இயற்கையின் அழகு” என்று எழுத வேண்டியதில்லை, அது படத்திலேயே தெரியும். எந்த மாதம், எந்த வேளை, மழைக்கு முன்பா பின்பா, காற்று எந்தத் திசையில் அடித்தது, எவ்வளவு நேரம் காத்திருக்க நேர்ந்தது ஆகியவை படத்தில் தெரியாதவை. அவற்றை எழுதினால் அடுத்தவருக்குப் பயன்படும். ஷட்டர் வேகம், துளை அளவு, ஐஎஸ்ஓ ஆகியவற்றைப் போடுவது நல்லதுதான், ஆனால் எண்களை மட்டும் போடாமல் காரணத்தையும் ஒரு வரியில் சொல்வது நல்லது. அலை நுரை கோடுகோடாகத் தெரிய வேண்டும், முற்றிலும் பாலாகிவிடக் கூடாது என்பதற்காக அரை நொடி வைத்தேன் என்று ஒருவர் எழுதினால், அதைப் படிக்கிறவர் மறுநாள் எந்தக் கடற்கரையிலும் அதைச் செய்து பார்க்க முடியும்.

தமிழில் எழுதுங்கள் என்பதும் என் வேண்டுகோள். ஊர்ப் பெயர், மரப் பெயர், காற்றின் பெயர் ஆகியவற்றை உள்ளூர்க்காரர் சொல்கிறபடியே எழுதினால், அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் வந்து மேலும் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார். குழு என்பது பல வேளைகளில் இப்படித்தான் தொடங்குகிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்காகப் பல தளங்கள் மாற்று உரை எழுத இடம் தருகின்றன. அதையும் வெறுமையாக விடாமல், படத்தில் என்ன எங்கே இருக்கிறது என்று இரண்டு வரி எழுதலாம்.

நல்ல படம் போட்டும் லைக் வருவதில்லையே?

எந்தப் படத்தை யாருக்குக் காட்டுவது என்பதைத் தளத்தின் கணக்கீடு முடிவு செய்கிறது. அந்தக் கணக்கீட்டுக்கு உங்கள் படத்தில் ஒளி எங்கிருந்து விழுகிறது என்பது ஒரு பொருட்டன்று. செக்கச்சிவந்த வானத்துக்கு நூறு லைக்கும், மழை விட்ட பின் மங்கிய ஒளியில் எடுத்த நுட்பமான படத்துக்கு ஏழு லைக்கும் விழுவது வாடிக்கை. அந்த ஏழு பேர் யார் என்று பாருங்கள். அவர்களுடைய படங்களுக்குச் சென்று, பார்த்து, நான்கு வரி எழுதுங்கள். இணையத்தில் ஒளிப்படக் குழு உருவாவதற்கு இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரிந்து வேறில்லை: தன் படத்தைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும் பிறர் படத்தைப் பற்றி அதிகம் பேசுகிறவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டால், மற்றவர்கள் தாமாக வந்து சேர்வார்கள்.

பிறருடைய படத்தை விமர்சிப்பது எப்படி? மனம் புண்படாதா?

“அருமை”, “சூப்பர் சார்”, கைகூப்பும் பொம்மை ஆகிய மூன்றும் யாரையும் புண்படுத்துவதில்லை, யாருக்கும் ஒன்றையும் கற்றுத்தருவதுமில்லை. நம்மிடையே வயதில் மூத்தவர் படத்தைக் குறை சொல்லத் தயங்கும் வழக்கம் உண்டு. “அண்ணா” என்றோ “ஐயா” என்றோ அழைத்துப் பழகிய ஒருவரிடம் அடிவானம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல நா எழாது. இதற்குக் குழுவின் விதியிலேயே வழி செய்யலாம். கருத்து வேண்டும் என்று படத்தை இட்டவரே குறிப்பிட்டிருந்தால் மட்டும் விமர்சிப்பது, குறிப்பிடாவிட்டால் பார்த்துவிட்டு நகர்வது என்று வைத்துக்கொண்டால், கேட்டவருக்குக் கிடைக்கும், கேட்காதவர் தொந்தரவின்றி இருப்பார். குழுவை நடத்தும் மூத்தவரே தன் படத்துக்கு முதலில் கருத்துக் கேட்டால், இளையவர்களின் தயக்கம் பாதி தீர்ந்துவிடும்.

விமர்சனத்தின் உள்ளடக்கத்துக்கு வருவோம். மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் அதிகாலை மூடுபனியை ஒருவர் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்னே தேயிலைப் புதர்கள் வரிவரியாக, நடுவே சில்வர் ஓக் மரங்கள், மூன்றாம் வரிசைக்குப் பின்னால் எல்லாம் வெண்மை. இடப்பக்கக் கீழ்மூலையில் சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல் ஒன்று. இதற்கு “கம்போசிஷன் சரியில்லை” என்று எழுதுவது விமர்சனமாகாது. பயன்படக்கூடிய கருத்து ஏறத்தாழ இப்படி இருக்கும்: “என் கண் முதலில் மூலையிலிருக்கும் வெள்ளைக் கல்லுக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது; மூடுபனிக்குள் மறையும் மூன்றாம் வரிசைக்கு வர நேரமாகிறது. நீங்கள் காட்ட விரும்பியது அந்த வரிசைதான் என்றால், இடப்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டிப் பார்க்கலாம், அல்லது கல்லின் வெளிச்சத்தைக் குறைக்கலாம். பனியை மஞ்சளாக்கியிருக்கிறீர்கள், சூரியன் வருமுன் பனிக்கு இருக்கும் நீலத்தை விட்டுவைத்திருந்தால் குளிர் தெரிந்திருக்கும். புதர் வரிகள் சாய்வாக உள்ளே இழுத்துச் செல்வது நன்றாக இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.”

இதில் தீர்ப்பு எதுவும் இல்லை. பார்ப்பவரின் கண் எங்கே போனது, எங்கே சிக்கியது என்பது சொல்லப்படுகிறது. எடுத்தவர் ஏற்கலாம், மறுக்கலாம். அவர் திருத்தி மீண்டும் இட்டால், கருத்துச் சொன்னவர் திரும்பி வந்து பார்க்க வேண்டும் என்பது எழுதப்படாத கடமை. பலர் இதில்தான் தவறிவிடுகிறார்கள்.

இடத்தைச் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

இந்தத் துறையில் மிகுந்த மனத்தாங்கலை உண்டாக்கும் கேள்வி இதுவே. சொல்லாவிட்டால் “பெரிய ரகசியமா?” என்பார்கள், சொன்னால் அடுத்த மாதம் அங்கே பிளாஸ்டிக் குவிந்திருக்கும்.

நடந்தவற்றைப் பார்த்தால் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 2019 மார்ச்சில் கலிபோர்னியாவின் லேக் எல்சினோர் ஊரை ஒட்டிய மலைச்சரிவில் பாப்பிப் பூக்கள் கொத்துக்கொத்தாகப் பூத்தன. இணையத்தில் பரவிய படங்களைப் பார்த்துத் திரண்ட கூட்டத்தால் நெடுஞ்சாலை திணறியது, பூக்கள் மிதிபட்டன, ஊர் நிர்வாகம் பாதையை மூட வேண்டியதாயிற்று. 2023இல் மீண்டும் பூத்தபோது அந்தப் பள்ளத்தாக்கைத் தொடக்கத்திலேயே மூடிவிட்டார்கள். சுவீடனின் ஹுஸ்க்வார்னா ஊரில் வெட்டெர்ன் ஏரிக்கரையில் நின்ற ஒற்றை மரத்தை ஒரு ஒளிப்படக்காரர் 2013 முதல் தொடர்ந்து எடுத்துப் பகிர்ந்துவந்தார்; பச்சைப் பூக்கோசு (புரோக்கோலி) போன்ற அதன் வடிவம் உலகப் புகழ் பெற்றது. 2017இல் யாரோ அதன் கிளையை அறுத்துவைத்தார்கள், பிறகு மரத்தையே வெட்ட நேர்ந்தது. அமெரிக்காவில் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்கு அருகிலுள்ள ஜாக்சன் ஹோல் பகுதியின் சுற்றுலா அமைப்பு, 2018இல், எடுத்த இடத்தைப் படத்தோடு காட்டும் இடக்குறி இடுவதை நிதானித்துச் செய்யுமாறு பயணிகளிடம் கேட்டுக்கொண்டு ஓர் இயக்கமே நடத்தியது. சுற்றுலாவை வளர்க்க வேண்டிய அமைப்பே அப்படிக் கேட்டது கவனிக்கத்தக்கது.

நமக்கு அருகிலும் உதாரணம் உண்டு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை உதிர்த்துவிட்டு மடிந்துபோகும். அடுத்த பூப்புக்குரிய செடி அந்த விதையிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே பூத்த சரிவில் ஒருவர் நடந்து மிதிப்பதும், படத்துக்காகக் கொத்தாகப் பறித்துக் கையில் பிடிப்பதும் அன்றைய அழகோடு போவதில்லை, 12 ஆண்டு கழித்துப் பூக்க வேண்டியதையும் குறைக்கின்றன. மூணாறு, இரவிகுளம் பகுதியில் 2006இலும் 2018இலும் பூத்தபோது, தேசியப் பூங்காவுக்குள் பாதையும் காவலும் இருந்தன. 2022இல் இடுக்கி மாவட்டம் சாந்தம்பாறைக்கு அருகே கள்ளிப்பாறையில் பூத்தபோது படங்கள் பரவி, மக்கள் திரண்டு, பறித்த பூவும் வீசிய குப்பையுமாக அந்த மலை பேசப்பட்டது. மூணாறுப் பகுதியின் அடுத்த பெரும்பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. அதைப் படமெடுக்கப் போகிறவர்கள் இதை இப்போதே பேசி முடிவுசெய்து வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் மறைத்துவிடுவதும் சரியான விடையன்று. மறைப்பது சில வேளைகளில் நிலத்தின் மீதான அக்கறையால் அமையாமல், அந்தச் சட்டகம் தனக்கு மட்டும் இருக்க வேண்டும் என்ற பொறாமையால் அமைகிறது; தவிரவும், அந்த ஊர் மக்களுக்கு அது ரகசியமே அன்று. பிச்சாவரம், தனுஷ்கோடி, கன்னியாகுமரி போன்ற இடங்களை மறைப்பது வேடிக்கை. ஏற்கெனவே சாலையும் பாதுகாப்பும் குப்பைத்தொட்டியும் உள்ள இடத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடலாம். பாதையற்ற புல்வெளி, சதுப்பு, அரிய செடியோ கூடோ உள்ள இடம் என்றால் மலைத்தொடரின் பெயரையோ மாவட்டத்தின் பெயரையோ மட்டும் சொல்லி நிறுத்தலாம். உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் அகலமுள்ள கட்டத்துக்குள் மங்கலாக்கித்தான் காட்டுகிறது. நிலக்காட்சிக்கும் அந்த அளவு நியாயமானதே. ஒருவர் தனியாகக் கேட்டால், அவருடைய படங்களையும் பேச்சையும் பார்த்து முடிவு செய்யலாம்.

ஆபத்தான இடமென்றால் அதையும் எழுதியாக வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். கோடையில் காய்ந்த புல்வெளி எவ்வளவு விரைவில் எரியும் என்பதைப் பொன்னிறப் புல்லின் அழகிய படம் சொல்லாது; படத்தின் கீழே நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இடத்தின் பெயரை எழுதாவிட்டாலும் படத்திலிருந்து இடம் தெரிந்துவிடுமா?

தெரியலாம். கைபேசியின் இடக்குறி வசதி இயங்கிக்கொண்டிருந்தால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோப்புக்குள்ளேயே பதிவாகும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடுகிறது, படத்தின் தரமும் குறைகிறது. தரம் குறையக் கூடாது என்று ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது, கோப்பு அப்படியே போவதால் இடக்குறியும் கூடவே போகிறது என்பதைத்தான். ஏற்றும் நகலைச் சேமிக்கும்போதே இடத் தகவலை நீக்கும் தெரிவு லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் உள்ளது. எடுத்தவர் பெயரும் உரிமைக் குறிப்பும் மட்டும் கோப்பில் இருக்கட்டும்.

அனுமதி, டிரோன் பற்றிய விதிகள் என்ன?

காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 மலைப்பாதைகளுக்கு இணையவழியே முன்பதிவு செய்து வழிகாட்டியோடு செல்லலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. புறப்படும் முன் நடப்பு நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிரோனுக்கு 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் பொருந்தும்: அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்கலாம், சிவப்பு மண்டலத்தில் அரசின் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. பச்சை மண்டலம் என்று வரைபடத்தில் இருப்பதாலேயே சரணாலயத்தின் மேல் பறக்கவிடலாம் என்று எண்ணிவிட வேண்டாம். அனுமதியின்றி எடுத்ததாகத் தெரியும் படத்தைக் குழுவில் ஏற்பதில்லை என்பதை விதியாகவே வைக்கலாம்.

வானத்தை மாற்றுவது, செயற்கை நுண்ணறிவால் திருத்துவது தவறா?

தவறா என்பதைவிட, சொன்னீர்களா என்பதே கேள்வி. 1850களின் பிற்பகுதியில் மெட்ராஸ் மாகாண அரசுக்காக மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், தன் காகித நெகடிவ்களில் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். அக்கால ரசாயனம் நீல ஒளிக்கு அளவுகடந்து வினையாற்றியதால், வானம் வெறும் வெள்ளையாகவே பதிவானது; அவர் கண்ட வானத்தைக் காட்ட அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று அந்த நெருக்கடி இல்லை. எடுத்த ஒளியின் அளவைக் கூட்டுவது, குறைப்பது, வெவ்வேறு ஒளியளவில் எடுத்த பல எக்ஸ்போஷர்களை இணைப்பது ஆகியவை நெடுங்கால வழக்கம். இல்லாத பால்வீதியை வேறொரு படத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டுவது வேறு வகை. அதை இணைப்புப்படம் என்று குறிப்பிட்டுவிட்டால் எவருக்கும் புகார் இருக்காது.

2021இல் தொடங்கப்பட்ட நேச்சுரல் லேண்ட்ஸ்கேப் ஃபோட்டோகிராஃபி அவார்ட்ஸ் என்ற போட்டி, இறுதிச்சுற்றுக்கு வருபவர்களிடம், கேமராவில் திருத்தமின்றிப் பதிவான ரா கோப்பைக் கேட்டுச் சரிபார்க்கிறது. சிறு குழுவுக்கு அவ்வளவு கெடுபிடி தேவையில்லை. ஆனால் கட்டளை கொடுத்து இயந்திரம் உருவாக்கிய மலையை, ஏறி நின்று எடுத்த மலையோடு ஒரே வரிசையில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். பார்க்கிறவர் அந்த இடத்துக்குப் போக ஆசைப்படுவார். அப்படி ஓர் இடமே இருக்காது.

என் படத்தை வேறொருவர் தன் பெயரில் போட்டிருக்கிறார். என்ன செய்வது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஒளிப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு, எடுத்தவரின் ஆயுள் முழுதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்குப் போகும்; விடுதிகளுக்கும் தோட்ட நிறுவனங்களுக்கும் படமெடுப்போர் இதை எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் திரைப்பிடிப்பு எடுத்து, அந்தப் பக்கத்தின் இணைய முகவரியையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவருக்கே மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். பாதிக்கு மேல் இதிலேயே முடிந்துவிடும், ஏனெனில் பலர் அறியாமல் செய்கிறார்கள். முடியாவிட்டால் தளத்துக்கு எழுத்துமூலம் புகார் தரலாம். 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளின்படி, முறையான புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் தளம் அதை விலக்கிவைக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மீண்டும் வெளியிடலாம். படத்தின் குறுக்கே பெரிய வாட்டர்மார்க் போடுவதால் திருட்டு நிற்பதில்லை, படம்தான் கெடுகிறது.

உங்களைப் போலவே வேறொருவரும் அதே பாறையிலிருந்து அதே சட்டகத்தை எடுத்திருந்தால் அது திருட்டாகாது. மலை யாருடைய பதிப்புரிமையும் அன்று.

படங்களை இலவசமாகக் கொடுத்துவிடலாமா?

விரும்பினால் கொடுக்கலாம். விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் தரும் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றும் படத்தை எவரும், வணிகத்துக்கும்கூட, பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதால் யோசித்துக் கொடுங்கள். 2013இல் உக்ரைனில் தொடங்கி அடுத்த ஆண்டே பல நாடுகளுக்குப் பரவிய ‘விக்கி லவ்ஸ் எர்த்’ போட்டி, காப்புப்பகுதிகளின் படங்களை இப்படித் திரட்டுகிறது. நம் ஏரிகள், சிற்றாறுகள், குன்றுகள் பலவற்றுக்கு அங்கே ஒரு நல்ல படம்கூட இல்லை. போட்டியில் தோற்ற படம் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் தலையில் அமர்ந்து பல ஆண்டு பயன்படக்கூடும்.

நாங்களே ஒரு குழு தொடங்க விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

சிறிதாகத் தொடங்குங்கள். 1932 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் குரூப் எஃப்/64 என்ற ஒளிப்படக் குழு நடத்திய கண்காட்சியில் இடம்பெற்றவர்கள், உறுப்பினர் எழுவரும் அழைக்கப்பட்ட நால்வருமாகப் பதினொரு பேர்தான். புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர்களான ஆன்சல் ஆடம்ஸும் இமோஜன் கன்னிங்காமும் அவர்களில் இருந்தார்கள். அந்தக் குழு சில ஆண்டுகளே இயங்கியது என்றாலும், படத்தைத் தெளிவாக, நேராக எடுப்பது பற்றிய அதன் கொள்கை இன்றும் பேசப்படுகிறது. ஆயிரம் பேர் சேர்ந்து ‘காலை வணக்கம்’ அனுப்பிக்கொள்ளும் குழுவில் அப்படி எதுவும் பிறக்காது. ஒருவர் படத்தை இன்னொருவர் நினைவில் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை, என் கணிப்பில், இருபது முப்பதுக்குள்தான்.

பொதுவான வேலை ஒன்று இருந்தால்தான் பேச்சு தொடரும். மாதம் ஒரு பொருள் கொடுப்பது எல்லாக் குழுக்களிலும் உள்ள வழக்கம். “நிழல்”, “நீர்” என்று கொடுத்துச் சலித்தவர்களுக்கு ஐந்திணையைப் பரிந்துரைக்கிறேன். சங்க மரபு ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுதைச் சேர்த்தே சொல்கிறது. ஒளியைத் தேடி அலைகிறவருக்கு இது ஆயத்தமான பாடத்திட்டம். மருதத்துக்கு வைகறை: வயல் வரப்பில் வெளிச்சம் வருவதற்கு முன்பே போய் நிற்க வேண்டும். முல்லைக்குக் கார்காலத்து மாலை: மழைமேகத்தின் கீழே ஒளி சற்றே கசியும் அரைமணி நேரம். குறிஞ்சிக்கு யாமம்: மலையும் விண்மீனும், முக்காலியும் பொறுமையும். நெய்தலுக்கு எற்பாடு, அதாவது ஞாயிறு சாயும் வேளை: நம் கிழக்குக் கடற்கரையில் அந்த வேளையில் ஞாயிறு முதுகுப்பக்கம் மறைவதால், எல்லோரும் திரும்பி நின்று மேற்கைப் படமெடுப்பார்கள், கடலைப் பார்த்தே நிற்பவருக்கு, அடிவானத்திலிருந்து எழும் பூமியின் நீலச் சாம்பல் நிழலும் அதன் மேலே இளஞ்சிவப்புப் பட்டையும் தெரியும். பாலைக்கு நண்பகல். ஒளிப்படக்காரர்கள் கேமராவை மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போகும் அந்த வேளையில், தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டின் செம்மணலில் நிழலே இல்லாத ஒளியை எப்படிக் காட்டுவது என்பது நல்ல அனுபவசாலியையும் திணறடிக்கும்.

விதிகள் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். சொந்தப் படம் மட்டும். ஒட்டுவேலை இருந்தால் குறிப்பு. இடம் சொல்வதில் கட்டாயமில்லை. பயிலரங்கு விளம்பரத்துக்கு அனுமதி கேட்க வேண்டும். ஒரு படம் இட்டால் இரண்டு படங்களுக்குக் கருத்து எழுத வேண்டும். கடைசி விதியைத் தளர்த்தினால் குழு படக்கிடங்காகிவிடும். களத்தில் நடந்துகொள்வதற்குப் புதிதாக எழுத வேண்டியதில்லை. 2019இல் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்கிய ‘நேச்சர் ஃபர்ஸ்ட்’ இயக்கத்தின் ஏழு கோட்பாடுகளைத் தமிழாக்கிக்கொள்ளலாம். படத்தைவிட இயற்கையின் நலனே முன்னால் என்பது அவற்றில் முதலாவது.

குழுவில் சண்டை வந்தால்?

வரும். பொதுவில் இரண்டு பதிலுக்கு மேல் நீண்டால் நிர்வாகி இருவரையும் தனியே அழைத்துப் பேச வேண்டும். நிர்வாகி தானே ஒரு தரப்பாக இருந்தால், இன்னொரு நிர்வாகி பேச வேண்டும். அதனால்தான் தொடக்கத்திலேயே இரண்டு நிர்வாகிகள் தேவை.

நேரில் சந்திப்பது அவசியமா?

அவசியமில்லை, ஆனால் நேரில் ஒருமுறை நடந்தவர்கள் பிறகு எழுதும் கருத்துகள் நீளமாகவும் கனிவாகவும் இருக்கும். முதல் சந்திப்புக்கு எட்டு பேருக்கு மேல் போகாமல், ஊருக்கு அருகிலுள்ள ஏரிக்கரை போன்ற எளிய இடமாகப் பாருங்கள். புதிதாக வரும் பெண்களுக்கும் இளையோருக்கும் யார் வருகிறார்கள், எப்போது திரும்புவோம் என்பதை முன்கூட்டியே எழுதித் தெரிவிப்பது நல்ல பழக்கம். ஆளுக்கு இரண்டு அச்சுப்படங்கள் கொண்டுவரச் சொல்லுங்கள். திரையில் ஒரு நொடியில் தள்ளிவிட்ட படத்தைக் கையில் பிடித்து ஐந்து நிமிடம் பேசுவார்கள்.

தளம் மூடப்பட்டாலோ நிர்வாகி விலகினாலோ குழு என்னாகும்?

ஆயத்தம் இல்லாவிட்டால் காணாமல் போகும். உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகளை அவர்கள் ஒப்புதலோடு ஒரு தாளில் வைத்திருங்கள். கணக்கின் கடவுச்சொல்லும் மீட்புக்கான கைபேசி எண்ணும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டாம். மாதப் பொருளுக்கு வந்த படங்களையும், அவற்றுக்கு எழுதப்பட்ட கருத்துகளையும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கோப்பாகத் தொகுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். படங்களைப் பலரும் சேமிப்பார்கள், கருத்துகளைச் சேமிக்க மறந்துவிடுவார்கள். புதிதாகச் சேர்பவருக்கு அனுப்பவேண்டியது முதலில் அந்தக் கருத்துகளைத்தான்.